வானவில்லுக்கு முன்னால் வரும் கொடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்டி கிரா ஊர்வலத்தைப் பார்க்க இந்த முறை குழந்தைகளோடு ஆக்ஸ்போர்டு தெருவுக்குப் போயிருந்தோம். வானவில் கொடிகளை எதிர்பார்த்து நின்ற எங்கள் முன்னால் தொடக்கத்திலேயே வந்தது கறுப்பு, சிவப்பு, மஞ்சள் நிறங்கள் கொண்ட பூர்வகுடியினரின் கொடி. பன்னிரண்டு வயது மகள், "அம்மா, இது வேற ஊர்வலமா?" என்று கேட்டாள். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பால்புதுமையரின் (தன்பாலீர்ப்பாளர், மாறுபாலினர் முதலியோரின்) ஊர்வலத்தில் பூர்வகுடியினரின் கொடி ஏன் முன்னால் வருகிறது?
– வாசகி, சிட்னி

பதில்: அதே ஊர்வலம்தான் என்று மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். அந்தத் தெருவின் கதையையும் சேர்த்துச் சொன்னால் அவளுக்கு இன்னும் தெளிவாகும்.

நீங்கள் நின்றிருந்த இடம் பூர்வகுடியினரான காடிகல் மக்களின் நிலம். 1788இல் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்கள் அங்கே வாழ்ந்துவருகிறார்கள். அந்த நிலத்தை அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எனவே அந்தத் தெருவில் எந்தக் கொண்டாட்டம் நடந்தாலும் வீட்டுக்காரர் முன்னே வருவதும் விருந்தாளி பின்னே வருவதும்தான் முறை. நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதற்காக எத்தனை தலைமுறை வழக்குகள் நடந்திருக்கின்றன என்பதை அறிந்த நமக்கு, ஊர்வலத்தில் யார் முதலில் நடக்கிறார் என்பது வெறும் ஏற்பாட்டு விஷயம் இல்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் இந்த ஊர்வலம் 1978 ஜூன் 24 அன்று இரவு முதன்முறையாக நடந்தபோது கைதில் முடிந்தது. 1969இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் காவல்துறையை எதிர்த்து நடத்திய ஸ்டோன்வால் எழுச்சியின் நினைவாக ஆக்ஸ்போர்டு தெருவில் ஆடிப் பாடி வந்தவர்களை மறித்த காவல்துறை, முன்னால் சென்ற சிறு லாரியைப் பறித்துக்கொண்டது. கூட்டம் கலையாமல் கிங்ஸ் கிராஸ் பக்கம் நகர, அங்கே வைத்து அடித்து இழுத்துச்சென்று 53 பேரைக் கைது செய்தார்கள். அவர்களுடைய பெயர்களைச் செய்தித்தாள் அச்சிட்டது. வேலை இழந்தவர்களும் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. அந்த ஆண்டுப் போராட்டங்களில் எழுந்த முழக்கங்களுள் ஒன்றைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "தன்பாலீர்ப்பாளர் மீதும் பெண்கள் மீதும் கறுப்பின மக்கள் மீதும் காவல்துறை நடத்தும் தாக்குதலை நிறுத்து." மூன்று பெயர்கள் ஒரே மூச்சில் வருவதைக் கவனியுங்கள். அங்கே கறுப்பின மக்கள் என்றது பூர்வகுடியினரை. ஆக்ஸ்போர்டு தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ரெட்ஃபெர்ன் பகுதியில், காவல்துறையின் தொல்லை தாங்காமல்தான் 1970இல் பூர்வகுடியினர் தங்களுக்கென ஒரு சட்ட உதவி அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அடிக்கும் தடி ஒன்றே என்பதை இரு தரப்பும் உடம்பால் அறிந்திருந்த காலம் அது. பின்னாளில் நல்லெண்ணத்தோடு யாரோ சேர்த்துவைத்த உறவு இல்லை இது, தொடக்கத்திலேயே இருந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1988இல், ஆங்கிலேயர் வந்திறங்கிய இருநூறாவது ஆண்டை ஆஸ்திரேலிய அரசு கோலாகலமாகக் கொண்டாடியது. அந்த ஆண்டு மார்டி கிராவில், பூர்வகுடியைச் சேர்ந்த நடனக் கலைஞரும் ஆசிரியருமான மால்கம் கோல், 1770இல் அந்தக் கரைக்கு வந்த ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக்கைப் போல வேடமிட்டு ஒரு படகில் நின்று வந்தார். படகை இழுத்துவந்தவர்கள் வெள்ளையர்கள். மார்டி கிராவில் பூர்வகுடியினர் தாமே அமைத்துக் கொண்டுவந்த முதல் ஊர்தி என்று அது நினைவுகூரப்படுகிறது. ஆங்கிலேயரின் கப்பல் வருகையை நாடே கொண்டாடிய ஆண்டில் அந்த வருகையையே தலைகீழாக்கி, கப்பல் தலைவனாக ஒரு பூர்வகுடி மனிதர் நின்ற அந்தக் காட்சியை நூறு கட்டுரைகளுக்கு நிகராக நான் மதிக்கிறேன். இந்தக் கதையைச் சொன்னால் உங்கள் மகளுக்கு உடனே புரிந்துவிடும்.

கேள்வி: வானவில் கொடியில் எத்தனை நிறங்கள் என்பதே குழப்பமாக இருக்கிறது. சில இடங்களில் ஆறு பட்டைகள், சில இடங்களில் ஓரத்தில் அம்பு முனை, அதற்குள் ஒரு வட்டம். ஒரு கொடியை இப்படி அடிக்கடி மாற்றலாமா? நிறங்களுக்குப் பொருள் உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: பொருள் உண்டு. அதற்கு முன்னால், அது எப்படித் தைக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாறலாமா என்ற கேள்விக்கான விடையும் அங்கேதான் கிடைக்கிறது.

அதுவரை தன்பாலீர்ப்பாளர் இயக்கத்தின் அடையாளமாக இருந்தது இளஞ்சிவப்பு முக்கோணம். நாஜிகளின் வதைமுகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் சட்டையில் குத்தப்பட்ட முத்திரை அது. கொலைகாரன் குத்திய முத்திரையையே எத்தனை நாள் சுமப்பது என்ற கேள்வி எழுந்தபோது, சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கில்பர்ட் பேக்கர் புதிதாக ஒரு கொடியை உருவாக்க முன்வந்தார். 1978 கோடையில், க்ரோவ் தெருவில் இருந்த சமூக மையக் கட்டடத்தில், லின் செகர்ப்ளோம், ஜேம்ஸ் மெக்நமாரா உள்ளிட்ட தன்னார்வலர்கள் அவருடன் கூடினார்கள். பெரிய குப்பைத்தொட்டிகளில் தண்ணீரும் உப்பும் சாயமும் கரைத்து வெள்ளைப் பருத்தித் துணியை முக்கி எடுத்தார்கள். சாயத் துணியை அலசுவதற்குக் காசு போட்டுத் துவைக்கும் கடைக்கு இரவு நேரமாகப் பார்த்துக் கொண்டுபோனார்கள். அங்கே சாயத் துணி போடக்கூடாது என்பதால், அலசி முடித்ததும் எந்திரங்களில் ப்ளீச் ஊற்றி ஓடவிட்டுச் சுத்தம் செய்துவிட்டு வந்தார்கள், அடுத்து வருபவரின் உள்ளாடை இளஞ்சிவப்பாகிவிடக் கூடாதே என்று. ஜூன் 25 அன்று முப்பது அடி அகலமும் அறுபது அடி நீளமும் கொண்ட இரண்டு கொடிகள் ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் ஏறின. மார்டி கிராவின் முதல் இரவுக்கு மறுநாள் அது.

அந்தக் கொடியில் எட்டுப் பட்டைகள். அடர் இளஞ்சிவப்பு காமத்துக்கு, சிவப்பு உயிருக்கு, ஆரஞ்சு காயம் ஆறுவதற்கு, மஞ்சள் வெயிலுக்கு, பச்சை இயற்கைக்கு, நீலப்பச்சை மாயத்துக்கும் கலைக்கும், கருநீலம் அமைதிக்கு, ஊதா ஆன்மாவுக்கு. அதே ஆண்டு நவம்பர் 27 அன்று, வெளிப்படையான தன்பாலீர்ப்பாளராக நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டபின் கொடிக்கான தேவை பெருகியது. அடர் இளஞ்சிவப்புத் துணி தேவையான அளவுக்குக் கிடைக்காததால் அந்தப் பட்டை போயிற்று. தெருவின் இருபுறமும் சமமாகப் பிரித்துத் தொங்கவிட இரட்டைப்படையாக வேண்டியிருந்ததால் நீலப்பச்சையும் போயிற்று. இன்று உலகம் முழுவதும் பறக்கும் ஆறு நிறக் கொடி, துணிக் கடையும் விளக்குக் கம்பமும் சேர்ந்து முடிவு செய்த வடிவம்.

ஆகவே மாறுவது அதன் பிறவிக் குணம். 2017இல் பிலடெல்பியா நகரம் கறுப்பு, பழுப்புப் பட்டைகளை மேலே சேர்த்தது, அங்கிருந்த தன்பாலீர்ப்பாளர் விடுதிகளிலேயே கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டைப் பற்றிய புகார்களுக்குப் பிறகு. அடுத்த ஆண்டு டேனியல் குவாசர் அந்த இரு நிறங்களோடு, மோனிகா ஹெல்ம்ஸ் 1999இல் உருவாக்கிய மாறுபாலினக் கொடியின் வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலத்தையும் எடுத்துக் கம்பத்தின் பக்கமாக ஓர் அம்பு முனையாக வைத்தார். அது வலப்பக்கம் நோக்கிப் பாய்வது முன்னேற்றம், இன்னும் இடது ஓரத்திலேயே நிற்பது போகவேண்டிய தூரம். மஞ்சள் நடுவே ஊதா வட்டம் இடைபாலினத்தவருக்கு, அதாவது ஆண், பெண் என்ற இரு வகைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்தவர்களுக்கு, உரியது. அந்த வட்டத்தை 2013இல் வரைந்தவர் ஆஸ்திரேலியரான மார்கன் கார்பென்டர். 2021இல் வலென்டினோ வெக்கியெட்டி அதைக் குவாசரின் கொடிக்குள் சேர்த்தார்.

பூர்வகுடியினரின் கொடியோ வேறு வகை. லுரிட்ஜா இனத்தைச் சேர்ந்த ஓவியர் ஹரால்டு தாமஸ் வரைந்த அது, 1971 ஜூலையில் அடிலெய்டின் விக்டோரியா சதுக்கத்தில் முதலில் ஏறியது. அடுத்த ஆண்டு கான்பெராவில் நாடாளுமன்றத்தின் எதிரே புல்வெளியில் நிலவுரிமைக்காகப் போடப்பட்ட கூடாரத் தூதரகத்தில் பறந்தது. மேலே கறுப்பு, மக்கள். கீழே சிவப்பு, மண். நடுவே மஞ்சள் வட்டம், சூரியன். அன்று முதல் இன்றுவரை அதில் ஒரு நூல்கூட மாறவில்லை. வானவில் கொடி, வாசலுக்கு வெளியே நிற்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக்கொள்வதற்காக மாறுகிறது. இது ஒரு குறிப்பிட்ட மண்ணையும் அதன் மக்களையும் சுட்டும் கொடி. மண் மாறாததால் கொடியும் மாற வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒரு கேள்விக்கும் உதவும்.

கேள்வி: மகனின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் எல்ஜிபிடி என்பதற்கு முன்னால் '2எஸ்' என்று இருக்கிறது. 'டூ-ஸ்பிரிட்' என்று விரித்துச் சொன்னார்கள். எங்கள் தமிழ்ப் பெற்றோர் குழுவுக்கு இதை மொழிபெயர்த்துத் தர என்னைக் கேட்டிருக்கிறார்கள். 'ஈருயிர்' என்று போடலாமா? இது இரு பாலின ஈர்ப்பைக் குறிக்கும் சொல்தானா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: 'ஈருயிர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலும் சரி, தஞ்சாவூரிலும் சரி, 'ஈருயிராக இருக்கிறாள்' என்றால் பிள்ளைத்தாய்ச்சி என்று பொருள். 'இரட்டை ஆவி' என்றாலோ குழுவில் உள்ள பாட்டிமார் பேய்க்கதை என்று நினைத்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பில் இப்படிச் சறுக்குவது உங்கள் குறை இல்லை. மூலச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பு என்பதால் வரும் சிக்கல்.

ஐரோப்பியர் வட அமெரிக்காவுக்கு வந்தபோது, பல முதற்குடி இனங்களில் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களுக்குத் தனிப் பெயரும் தனிக் கடமையும் இருந்தன. நவஹோ மக்கள் நாட்லீஹி என்றார்கள். லக்கோட்டா மக்கள் விங்க்டே என்றார்கள். சூனி மக்கள் லமானா என்றார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தந்த இனத்தின் சடங்கிலும் வேலைப் பிரிவினையிலும் வேர் உண்டு; ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. மானிடவியல் நூல்கள் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து வழங்கிவந்த ஓர் ஐரோப்பியச் சொல், அடிமைச் சிறுவனைக் குறித்த இழிசொல்லிலிருந்து வந்தது. அதை நீக்கிவிட்டுத் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ள ஒரு பொதுச் சொல் வேண்டும் என்று, 1990இல் மனிடோபாவில் வின்னிபெக் அருகே கூடிய முதற்குடித் தன்பாலீர்ப்பாளர் மாநாட்டில் முடிவெடுத்தார்கள். மைரா லாரமி முன்வைத்த 'நீழ் மனிதூவக்' என்ற ஓஜிப்வே மொழித் தொடரே ஆங்கிலத்தில் டூ-ஸ்பிரிட் ஆயிற்று. ஆக, அது இரு பாலின ஈர்ப்பைக் குறிக்கும் சொல் இல்லை. யாரை விரும்புகிறார் என்பதோடு நின்றுவிடாமல், தன் இனத்துக்குள் ஒருவர் யாராக நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வது. அதனால்தான் முதற்குடியைச் சேராதவர்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும், அதைத் தங்களுக்குச் சூட்டிக்கொள்வது முறையாகாது.

எழுத்து வரிசையில் 2எஸ் முன்னால் வருவது, அந்த நிலத்தில் முதலில் இருந்தவர்கள் அவர்கள் என்பதால். 2022 ஆகஸ்டில் வெளியிட்ட செயல்திட்டத்தில் கனடிய மத்திய அரசும் இந்த வரிசையை ஏற்றுக்கொண்டது.

ஒரு சம்பவத்தை உங்கள் குழுவுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இன்றைய அமெரிக்காவின் மொன்டானா பகுதியில் வாழும் க்ரோ மக்களிடையே ஓஷ்-டிஷ் என்பவர் இருந்தார். ஆணாகப் பிறந்து பெண்களின் உடையும் கைவேலையும் மேற்கொண்டு, 1876இல் ரோஸ்பட் போர்க்களத்திலும் நின்றவர். அவரைப் போன்றோரைக் க்ரோ மொழியில் பாடே என்பார்கள். 1890களின் இறுதியில் அங்கே வந்த ஓர் அரசு அதிகாரி, பாடேக்களைப் பிடித்துத் தலைமுடியை வெட்டி, ஆண் உடை அணிவித்து, அலுவலக வளாகத்தில் மரம் நட வைத்தார். க்ரோ வரலாற்றாசிரியர் ஜோ மெடிசின் க்ரோ இதை நினைவுகூர்ந்திருக்கிறார்: மக்கள் கொதித்துப்போனார்கள்; தலைவர் பிரெட்டி ஈகிள் நேரே போய் அந்த அதிகாரியை ஊரை விட்டு வெளியேறச் சொன்னார். நிலத்தைப் பறிகொடுத்து, ரேஷனுக்குக் கையேந்தும் நிலையில் வைக்கப்பட்டிருந்த ஒரு மக்கள், தம்மில் சிலரின் கூந்தலுக்காக அரசின் ஆளை எதிர்த்து நின்றார்கள். பால்புதுமையருக்கும் பூர்வகுடியினருக்கும் இடையிலான தோழமையைப் பற்றிப் பேசும்போது, முன்னவர் பின்னவருக்கு உதவுவதாகவே பலர் நினைக்கிறார்கள். முதலில் காத்து நின்றவர்கள் யார் என்பதை இந்தச் சம்பவம் சொல்கிறது.

கனடாவில் முடி வெட்டும் அந்த வேலையை உறைவிடப் பள்ளிகள் செய்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 1,50,000 முதற்குடிக் குழந்தைகள் அங்கே அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். அந்தப் பிரிப்பில் நடுவில் நிற்க இடமில்லை. மொழி அழிந்தபோது அந்த மொழியில் இருந்த பெயர்களும் பல இடங்களில் அழிந்தன. 1990இல் ஒரு பொதுச் சொல்லைத் தேடவேண்டிவந்ததற்குக் காரணம் இதுதான்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். 'டூ-ஸ்பிரிட்' என்றே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் 'முதற்குடி மரபில், தம்முள் இரு ஆன்மாக்களை உடையவராகத் தம்மை உணர்பவர்' என்று ஒரு வரி விளக்கம் கொடுங்கள். தமிழில் புதுச் சொல் படைக்க நமக்கு ஆசை உண்டு. அது நல்ல ஆசையும்கூட. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் நம் பேச்சையே மாற்றின. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலால் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் பால்புதுமையர் முதலிய சொற்கள் இடம்பெற்றன. ஆனால் அவை நம்மைப் பற்றி நாம் உருவாக்கிக்கொண்டவை. பெயர் பறிக்கப்பட்ட ஒருவர் தேடிப்பிடித்து வைத்துக்கொண்ட பெயரை, அவர் சொல்லும் விதத்திலேயே சொல்வது நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை.

கேள்வி: நான் தன்பாலீர்ப்பாளன். என் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் போராட்டமே இன்னும் பாதிக் கிணறு தாண்டவில்லை. இதில் பூர்வகுடி நிலம், பழங்குடி உரிமை என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் எங்கள் கோரிக்கை நீர்த்துப் போகாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தவறாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. சுமை தாங்காதவன் இன்னொரு சுமையைக் கண்டு தயங்குவது இயல்பு. என் பதில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சார்ந்தது. ஒன்று நம் மண்ணில் நடந்தது, மற்றது ஆஸ்திரேலியாவில்.

1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தின் முதல் பகுதி, சில இனங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று அறிவித்துப் பதிவேட்டில் ஏற்றியது. இரண்டாம் பகுதி, இன்று திருநங்கையர், ஹிஜ்ராக்கள் என்று நாம் அழைப்பவர்களைப் பதிவேட்டில் ஏற்றி, அவர்கள் பெண் உடையில் பொது இடத்தில் தோன்றினாலோ ஆடிப் பாடினாலோ சிறை என்றது. ஒரே சட்டம், ஒரே தாள். வட இந்தியாவில் தொடங்கிய சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டபோது, கைரேகை பதியச் சொன்னதால் நம் மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே ஆட்சியாளர்கள் ஒரு கையால் நிலத்தை எடுத்துக்கொண்டு, மறு கையால் தன்பாலுறவைக் குற்றமாக்கும் தங்கள் நாட்டு ஒழுக்கச் சட்டத்தை நட்டார்கள். நம்மிடம் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவாக வந்தது, அங்கே வேறு எண்களில் நின்றது. டாஸ்மேனியா மாநிலத்தில் அது நீங்கியது 1997இல்தான். இந்த வரலாற்றில் உங்கள் கோரிக்கையும் பழங்குடியினரின் கோரிக்கையும் ஒரே பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்பவை.

இரண்டாவது நிகழ்ச்சி எனக்கு வலிக்கிறது. 2017இல் ஆஸ்திரேலிய அரசு, தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்கலாமா என்று நாட்டு மக்கள் எல்லோரிடமும் அஞ்சல் வழியே கருத்துக் கேட்டது. சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையின் தயவுக்கு விடுகிறீர்களே என்று பால்புதுமையர் கொதித்தார்கள். அவர்கள் கொதித்தது நியாயம். வாரக்கணக்கில் அண்டை வீட்டாரும் அலுவலக நண்பர்களும் அவர்களுடைய வாழ்க்கையைத் தேநீர் மேசையில் வைத்து விவாதித்தார்கள். முடிவில் 61.6 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். அந்த டிசம்பரிலேயே சட்டம் வந்தது. அதே 2017 மே மாதம், பூர்வகுடியினரின் பிரதிநிதிகள் ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு பாறையருகே கூடி, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லத் தங்களுக்கு அரசியல் சாசனத்தில் ஒரு குரல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கோரிக்கை 2023 அக்டோபர் 14 அன்று பொது வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள்தொகையில் சுமார் 3.8 சதவீதமே உள்ள ஒரு மக்களின் வாழ்க்கை மீண்டும் தேநீர் மேசைக்கு வந்தது. ஏறத்தாழ 60 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி.

அந்த ஆண்டு மார்ச் 5 அன்று, உலகப் பிரைடு விழாவின் இறுதி நாளில், சிட்னி துறைமுகப் பாலத்தில் ஐம்பதாயிரம் பேர் வானவில் கொடிகளோடு நடந்தார்கள். பாலத்தின் உச்சியில், 2022 முதல் நிரந்தரமாக ஏற்றப்பட்டுள்ள பூர்வகுடியினரின் கொடி பறந்துகொண்டிருந்தது. அதன் கீழே நடந்து முடித்து ஏழு மாதங்களில் அந்த வாக்கெடுப்பு. பூர்வகுடியினரிலேயே சிலர், ஆலோசனைக் குழு போதாது, முதலில் ஒப்பந்தம் வேண்டும் என்று 'இல்லை'யின் பக்கம் நின்றதும் உண்மை. தோழமை என்பது அந்த உட்கருத்து வேறுபாட்டையும் காது கொடுத்துக் கேட்பது. ஆனால் தன் வாழ்க்கை வாக்குச்சீட்டில் அச்சிடப்படுவது எப்படி இருக்கும் என்பதை அந்த நாட்டில் பால்புதுமையரைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அந்த அனுபவத்தை வைத்திருப்பவர் அதே நிலையில் நிற்கும் இன்னொருவருக்காக வாய் திறக்கும்போது கோரிக்கை நீர்த்துப் போகிறதா, உறைகிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஜனவரி, பிப்ரவரியில் இங்கே நடக்கும் பால்புதுமையர் விழாவான மிட்சம்மாவின் பேரணியில் எங்கள் சிறு தமிழ்க் குழு முதன்முறையாக நடக்கப்போகிறது. பதாகையில் வானவில் பட்டைகளுக்கு நடுவே பூர்வகுடியினரின் மஞ்சள் வட்டத்தை வைத்து, அதற்குள் 'யாதும் ஊரே' என்று எழுதலாம் என்று நண்பர் சொல்கிறார். அழகாக இருக்குமா?
– வாசகர், மெல்போர்ன்

பதில்: உங்கள் நண்பரின் மனம் நல்லது. ஆனால் வேண்டாம்.

அந்தக் கொடி பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரைந்தவர் ஹரால்டு தாமஸ்தான் என்று 1997இல் நீதிமன்றம் உறுதி செய்தது. 2018இல் ஒரு தனியார் துணி நிறுவனத்துக்கு ஆடைகளில் அதை அச்சிடும் தனியுரிமை போனபின், பூர்வகுடியினரின் அமைப்புகளே தங்கள் கொடியைச் சட்டையில் போட அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தது. கொடியை விடுவிக்கக் கோரிய நீண்ட இயக்கத்துக்குப் பிறகு, 2022 ஜனவரியில் மத்திய அரசு 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்துக் காப்புரிமையைப் பெற்று அதைப் பொதுவாக்கியது. இவ்வளவுக்குப் பிறகு கைக்கு வந்த கொடியை, நாம் நம் பதாகைக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டுவது சரியில்லை. பூர்வகுடிப் பால்புதுமையரான ஒருவர் இரண்டையும் இணைத்து வரைந்தால் அது அவருடைய இரு வீடுகளையும் இணைப்பது. நமக்கு அந்த உரிமை இல்லை. 'யாதும் ஊரே' என்ற வரியும், கணியன் பூங்குன்றனாரின் வாயில் எவ்வளவு உயர்ந்ததோ, இன்னொருவரின் மண்ணில் வந்து குடியேறிய நம் வாயில் அந்தச் சூரியனுக்குள் எழுதப்படும்போது வேறு பொருள் தரும்.

இரண்டு கழிகள் வாங்குங்கள். இரண்டு கொடிகளும் ஒரே அளவு. பூர்வகுடியினரின் கொடியில் கறுப்பு மேலே, சிவப்பு கீழே; அவசரத்தில் தலைகீழாகக் கட்டிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் மற்றொரு முதற்குடியினரான டோரஸ் நீரிணைத் தீவினருக்குத் தனிக் கொடி உண்டு. பெர்னார்டு நமோக் 1992இல் வடிவமைத்த அந்தப் பச்சை, நீலக் கொடியின் நடுவே வெள்ளைத் தலைப்பாகையும் நட்சத்திரமும் இருக்கும். முடிந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பேரணி நடக்கும் செயின்ட் கில்டா பூன் உர்ரங் மக்களின் நிலம் என்பதைப் பதாகையின் அடியில் தமிழில் ஒரு வரியாக எழுதுங்கள். பெயரை அவர்கள் சொல்லும் விதத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

மிட்சம்மா விழாக் காலத்துக்குள்ளேயே ஜனவரி 26 வருகிறது. ஆங்கிலேயர் வந்திறங்கிய அந்த நாளைப் பூர்வகுடியினர் படையெடுப்பு நாளாகத் துக்கத்தோடு நினைவுகூர்ந்து, ஸ்பிரிங் தெருவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கூடி ஊர்வலம் போகிறார்கள். உங்கள் குழுவை முதலில் அங்கே அழைத்துப் போங்கள். பின்வரிசையில் நில்லுங்கள், குடிதண்ணீர் போத்தல்களை நிறையக் கொண்டுபோங்கள். ஜனவரி வெயிலில் முன்னால் வரும் பெரியவர்களுக்குத் தேவைப்படும்.